அத்தியாயம் 9: பிளாஸ்டிக் பாட்டிலில் பீர் அடைத்தல்

முதல் ஒரு வருஷத்துக்குக் கண்ணாடிப் பாட்டில் பக்கமே போகாதீர்கள். வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் நாலு பேர் கூடுமிடத்தில் இதைச் சொன்னால் இரண்டு பேராவது முகம் சுளிப்பார்கள். பழுப்புக் கண்ணாடி, தகர மூடி, அந்த மூடியை அழுத்திப் பொருத்த ஒரு கைக்கருவி, இவையெல்லாம் இருந்தால்தான் பீருக்கு மரியாதை என்று ஒரு நினைப்பு. மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, அடைத்த பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்பது. கண்ணாடி அதைச் சொல்லாது. பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை இரண்டு விரலால் அமுக்கினாலே போதும்: கேஸ் ஏறுகிறதா, ஏறவில்லையா, அளவு மீறிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. கணக்குத் தப்பினால் கண்ணாடி வெடிக்கும்; அலமாரியில் ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பதையும் சேர்த்து உடைக்கும். பெட் பாட்டில் முதலில் இறுகும், பிறகு அடி உப்பி, நிற்க வைத்தால் ஆடும், பெரும்பாலும் மூடி வழியாகக் கசியத் தொடங்கும். அதுவும் வெடிக்காதென்று எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கும், வெடித்தாலும் கண்ணாடிச் சில் பறக்காது. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. அடிலெய்டில் 1862-இல் தாமஸ் கூப்பர் தொடங்கிய கூப்பர்ஸ் ஆலை, வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்காக டப்பாவில் அடைத்த மால்ட் சாறு விற்கிறது. ஒரு டப்பாவுக்கு 23 லிட்டர் பீர். கூடவே விற்பது 740 மில்லி கொள்ளும் பழுப்பு நிற பெட் பாட்டில்கள். 30 பாட்டில் நிரப்பினால் 22 லிட்டருக்குச் சற்று மேல் வரும். மிச்சம் வாளியின் அடியில் தங்கும் மண்டிக்குப் போகும். டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் அரை லிட்டர், ஒரு லிட்டர் பழுப்பு பெட் பாட்டில்களை வீட்டுப் பீர்ச் சாமான் கடைகளில் வாங்கலாம். காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. குளிர்பானம் குடித்த பாட்டிலும் இதே வேலையைச் செய்யும். அதில் எது உதவும், எது உதவாது என்பதுதான் விஷயம்.

எந்தப் பாட்டில்

கேஸ் உள்ள பானம் வந்த பாட்டில் மட்டும்தான். சாதாரணத் தண்ணீர் பாட்டில், பழச்சாறு பாட்டில், பால் கேன் எதுவும் கூடாது. அவற்றின் சுவர் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. கோலா வகைப் பானங்களில் ஒரு லிட்டருக்குச் சுமார் 4 லிட்டர் கரியமில வாயு கரைந்திருக்கிறது. வழக்கமான பீருக்கு இரண்டரை லிட்டர் போதும். ஆகவே கோலாவைத் தாங்கிய பாட்டில் பீரைத் தாராளமாகத் தாங்கும். இரண்டரை என்றாலும் லேசான அழுத்தமல்ல: 20 டிகிரி செல்சியஸில் பாட்டிலுக்குள் ஏறக்குறைய கார் டயரில் இருக்கிற அழுத்தம் இருக்கும்.

வாடைதான் அடுத்த தொல்லை. பெட் பிளாஸ்டிக் மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இஞ்சிப் பீர், ரூட் பீர், ஆரஞ்சு பானம் இருந்த பாட்டிலை எத்தனை தடவை அலசினாலும் அந்த மணம் முழுக்கப் போகாது, மூடியின் உட்பக்கத்திலிருந்து சுத்தமாகவே போகாது. என் கணக்கில் முதலிடம் வெறும் சோடா பாட்டிலுக்குத்தான். கழுவவும் அதிகமிருக்காது, ஒட்டும் சர்க்கரையும் கிடையாது.

ஆனால் சோடா பாட்டில் தெளிவாக இருக்கும். பீருக்கு வெளிச்சம் ஆகாது. ஹாப் பூவின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைக்கிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து, அமெரிக்காவில் ஸ்கங்க் என்று சொல்கிற, நாற்றம் பீய்ச்சுகிற பிராணியின் வாடையைக் கொண்டுவரும். மூக்குக்கு எட்ட அந்தப் பொருள் துளியூண்டு இருந்தாலே போதும். நேர்வெயிலில் சில நிமிஷத்திலேயே இது தொடங்கிவிடும். பழுப்பு நிறம் அந்த வேலையைச் செய்யும் நீல, புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. பச்சை அந்த அளவுக்குத் தடுக்காது. தெளிவான பாட்டில்தான் கிடைத்தது என்றால் அட்டைப்பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். அவ்வளவுதான், வேறு மாயமில்லை.

பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். குளிர்பானப் பாட்டிலுக்கு அடியில் பூவிதழ் மாதிரி ஐந்து கால்கள் இருக்கும். அழுத்தம் தாங்க அப்படி வார்க்கிறார்கள். கடையில் வாங்கும் பானத்துக்கு அதனால் ஒரு பாதகமும் இல்லை. பாட்டிலிலேயே கேஸ் ஏறுகிற வீட்டுப் பீரில் ஈஸ்ட் அடியில் படியும். ஐந்து கால்களிலும் தனித்தனியாகப் படியும். சாய்த்து ஊற்றும்போது ஒரு காலிலிருந்து மண்டி கிளம்பி, மற்றவற்றையும் கிளப்பிவிடும். பெரிய சங்கடமல்ல, கோப்பை கொஞ்சம் கலங்கலாக இருக்கும், குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் தெளிந்த பீர் வேண்டும் என்கிறவர்கள் அடி தட்டையான பீர்ப் பாட்டிலே வாங்கலாம்.

அளவு விஷயத்தில் ஒரு வார்த்தை. இரண்டு லிட்டர் பாட்டிலைப் பார்த்ததும் வேலை குறையும் என்று தோன்றும், குறையத்தான் செய்யும். ஆனால் திறந்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் கேஸ் இறங்கிச் சப்பென்று இருக்கும். விருந்துக்கு இரண்டு லிட்டர், தனக்கு அரை லிட்டர் என்று கலந்து அடைப்பது நல்லது.

நொதித்தல் முடிந்துவிட்டதா

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பாட்டில் வெடிப்பதற்கும், திறந்ததும் பாதி பீர் கூரைக்குப் போவதற்கும் பெரும்பாலான காரணம் அவசரம்தான்.

வாளியின் மேலிருக்கும் காற்றடைப்பானில் குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். வாளி மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் நொதித்தல் மும்முரமாக நடக்கும்போதே குமிழி வராது. அறை சூடானால் எல்லாம் முடிந்த பிறகும் வரும். நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை. ஒரு குழலில் பீரை எடுத்து, கருவியை மிதக்கவிட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிரும். இல்லாவிட்டால் அவை கருவியைத் தூக்கிப் பிடித்துத் தப்பான எண்ணைக் காட்டும். பீரின் மேற்பரப்பு கண்ணாடியோரம் ஏறி நிற்கும் இடத்தைப் படிக்கக்கூடாது, நடுவில் தட்டையாக இருக்கும் மட்டத்தைப் படிக்க வேண்டும். எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுங்கள். எண் அசையாமல் இருந்தால் அடைக்கலாம்.

எண் அசையவில்லை என்பது மட்டும் போதாது, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வழக்கமான ஏல் வகை 1.008-க்கும் 1.014-க்கும் இடையில் நிற்கும். உங்கள் செய்முறைப்படி 1.010-க்கு வர வேண்டியது 1.020-இல் நின்றால் ஈஸ்ட் குளிரில் தூங்கிவிட்டது என்று பொருள். வாளியைக் கொஞ்சம் கதகதப்பான இடத்துக்கு மாற்றி, மெதுவாகச் சுழற்றிவிட்டுக் காத்திருங்கள்.

ஏன் இத்தனை கறார்? கணக்கைப் பாருங்கள். மூன்றாம் தசம இடத்தில் ஒரு எண் இறங்கினால், அதாவது 1.011 என்பது 1.010 ஆனால், ஒரு லிட்டர் பீருக்குள் அரை லிட்டர் வாயு உண்டாகிறது. நாலு எண் பாக்கி வைத்து அடைத்தால் இரண்டு லிட்டர் கூடுதல். நாமாகச் சர்க்கரை போட்டு எட்டும் இரண்டரையோடு சேர்த்தால் நாலரை. கோலாவையே மிஞ்சிய அளவு. பெட் பாட்டில் அதைத் தாங்கிவிடக்கூடும். கோப்பையில் ஊற்ற வருவதோ வெறும் நுரைதான். அதே பீர் சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தால் நிலைமை ஆபத்து.

கழுவுதல்

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. பாட்டிலைக் குடித்த கையோடு தண்ணீர் விட்டுக் குலுக்கி அலசிக் கவிழ்த்து வைப்பவருக்கு அடைக்கும் நாளில் பாதி வேலை மிச்சம். மண்டி காயவிட்டால் சோடியம் பெர்கார்பனேட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். மணம் சேர்க்காத ஆக்சிஜன் சலவைத்தூள் என்று கடையில் கிடைப்பதும் அடிப்படையில் இதே பொருள்தான்.

பிளாஸ்டிக்குக்கு மட்டுமே உரிய இரண்டு தடை உண்டு. ஒன்று, பிரஷ் விடாதீர்கள். உள்சுவரில் கீறல் விழுந்தால் அங்கே கிருமி ஒளிந்துகொள்ளும், எந்த மருந்தும் எட்டாது. இரண்டு, கொதிநீர் ஊற்றாதீர்கள். பெட் 70 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கொதிநீர் பட்டால் கண்ணெதிரே சுருங்கிக் கோணலாகும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் இதனால்தான் வேண்டாம். கை பொறுக்கிற சூடு இருந்தால் போதும்.

கிருமி நீக்க, கழுவத் தேவையில்லாத அமிலக் கரைசல் எதுவானாலும் சரி. பரவலாகக் கிடைப்பது ஸ்டார் சான், லிட்டருக்கு 1.5 மில்லி. உள்ளே விட்டுக் குலுக்கி, ஒரு நிமிஷம் கழித்துக் கவிழ்த்துவிடுங்கள். நுரை கொஞ்சம் தங்கும். தங்கட்டும், அதன் மேலேயே பீரை நிரப்பலாம். நம் வீடுகளில் கை முதலில் போவது பிளீச்சிங் திரவத்துக்கு. அதைத் தவிர்த்துவிடுங்கள். அலசலில் ஒரு சொட்டு தங்கினாலும் குளோரின் பீரிலுள்ள பீனால்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாடையைக் கொண்டுவரும், அது எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. மூடிகளையும் கரைசலில் போட மறக்காதீர்கள். பாட்டிலைப் பார்த்துப் பார்த்துக் கழுவிவிட்டு மூடியைச் சட்டையில் துடைத்துப் போடுகிறவர்கள் உண்டு.

எவ்வளவு சர்க்கரை

நொதித்து முடிந்த பீரில் கேஸ் குறைவு. பாட்டிலில் துளி சர்க்கரை போட்டு மூடினால், மிதந்துகொண்டிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடும். வெளியேற வழியில்லாமல் அது பீரிலேயே கரையும். எளிய கணக்கு: ஒரு லிட்டர் பீருக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை, ஒரு லிட்டர் வாயு. 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் வாயு தங்கியிருக்கும். ஆக லிட்டருக்கு 6 கிராம் போட்டால் மொத்தம் ஏறத்தாழ 2.4 வரும். பெரும்பாலான பீருக்கு இது சரியான இடம். ஆங்கிலேயர் பாணி பிட்டருக்கு 4 கிராம் போதும், அது மெதுவாகக் குமிழிக்க வேண்டிய பானம். ஜெர்மன் கோதுமைப் பீருக்குப் பத்து வரை போகலாம். பெட் பாட்டில் அதற்கும் அசராது.

எட்டு கிராம் என்று டப்பாக்காரர்கள் எழுதியிருப்பார்கள். ஆஸ்திரேலிய வெயிலில் சில்லென்று குடிக்கிறவர்களின் விருப்பத்துக்கு ஏற்ற அளவு அது. எனக்குக் கொஞ்சம் தூக்கல். மிட்டாய் மாதிரி இருக்கும் கார்பனேஷன் வில்லைகள், 740 மில்லி பாட்டிலுக்கு இரண்டு என்ற கணக்கும் ஏறத்தாழ இங்கேதான் வந்து நிற்கும். வில்லையில் வசதி உண்டு, கூட்டிக் குறைக்க வழி கிடையாது. அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒன்று சரியாக வரும், இரண்டு அதிகம்.

எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி வரவேண்டுமென்றால் சர்க்கரையை மொத்தமாகக் கலப்பதே மேல். 20 லிட்டருக்கு 120 கிராமைத் தராசில் நிறுத்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கிருமி நீக்கிய இன்னொரு வாளியின் அடியில் அதை ஊற்றி, குழாய் முனையை அடியில் படும்படி வைத்துப் பீரைச் சலனமில்லாமல் இறக்குங்கள். பீர் தானாகச் சுழன்று கலந்துவிடும். தளதளவென்று கொட்டிக் காற்றைக் கலந்துவிட்டால் ஒரே மாதத்தில் பீர் நனைந்த அட்டை போல ருசிக்கும். பாட்டில் பாட்டிலாகப் போடுகிறவர்கள் சர்க்கரையை முதலில் போட்டு, அப்புறம் பீரை ஊற்றுங்கள். நிரப்பிய பீரில் சர்க்கரையைக் கொட்டினால் குபுக்கென்று பொங்கி மேஜையெல்லாம் நாசமாகும்.

வெல்லம் போடலாமா, பனங்கற்கண்டு போடலாமா என்று நம்மவர்கள் தவறாமல் கேட்பார்கள். ஈஸ்டுக்கு எதுவும் ஆட்சேபணையில்லை. ஆனால் வெல்லத்தில் ஈரம் ஆளுக்கொரு அளவு இருக்கும். எத்தனை கிராமுக்கு எவ்வளவு வாயு என்று சொல்ல முடியாது. வெல்லத்தின் மணம் வேண்டுமானால் நொதிக்கும் வாளியில் போடுங்கள், அங்கே கணக்குப் பிசகினாலும் கேடில்லை. பாட்டிலுக்கு வெள்ளைச் சர்க்கரைதான்.

நிரப்பி மூடுதல்

முனையில் ஸ்பிரிங் வைத்த நிரப்புக் குழல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலின் அடியில் அழுத்தினால் திறக்கும், தூக்கினால் அடைபடும். அடியிலிருந்து நிரம்புவதால் நுரைக்காது. விளிம்பு வரை நிரப்பிக் குழலை உருவினால், குழல் அடைத்திருந்த இடமே மேலே வேண்டிய இடைவெளியாக நிற்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர்.

அடுத்து செய்வது கண்ணாடியில் செய்யவே முடியாத காரியம். மூடியைப் பாதி திருகிய நிலையில், பாட்டிலின் வயிற்றை இரண்டு உள்ளங்கையாலும் நிதானமாக அமுக்குங்கள். பீர் கழுத்தில் ஏறி, மேலிருந்த காற்றை வெளியே தள்ளும். நுரை மூடியின் உட்பக்கத்தைத் தொடும் நேரத்தில் கையைத் தளர்த்தாமல் இறுகத் திருகுங்கள். பாட்டில் நசுங்கிய கோலத்தில் நிற்கும். பார்க்க அழகாக இருக்காது. விரலால் குத்தாமல் உள்ளங்கையால் அமுக்கச் சொல்வது, பிளாஸ்டிக்கில் வெள்ளை மடிப்பு விழக்கூடாது என்பதற்காக.

இது தேவையா என்று இத்துறையில் வாக்குவாதம் ஓயவில்லை. உள்ளே மிஞ்சும் கொஞ்சம் ஆக்சிஜனை ஈஸ்டே தின்றுவிடும் என்பது ஒரு கட்சி. அதில் உண்மை இல்லாமலில்லை. இருந்தாலும் ஹாப் மணம் தூக்கலான பீருக்கு, மாதக்கணக்கில் வைக்கப்போகும் பீருக்கு நான் அமுக்கத்தான் சொல்வேன். ஆக்சிஜனை விட்டால்கூட இதில் இன்னொரு லாபம் இருக்கிறது: நசுங்கிய பாட்டில் இரண்டு மூன்று நாளில் தானாக நிமிர்ந்து உருண்டால் உள்ளே வாயு உண்டாகிறது, மூடி கசியவில்லை. மற்றவை நிமிர்ந்து ஒன்று மட்டும் நசுங்கியே கிடந்தால் அந்த மூடியைப் பாருங்கள்.

இரண்டு வாரம்

18-லிருந்து 25 டிகிரிக்குள், வெளிச்சம் படாத இடத்தில், நிற்க வைத்து இரண்டு வாரம். மெல்போர்ன் குளிர்காலத்தில் கராஜில் வைத்தால் ஈஸ்ட் சோம்பிப் படுத்துவிடும்; வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரியே வசதி. லண்டன் வீடுகளில் துணி உலர்த்தும் அலமாரியும் அப்படித்தான். கனடாவில் அடித்தளத் தரையில் வைக்காமல் ஒரு பலகைமேல் ஏற்றி வையுங்கள், சிமெண்டுத் தரை எப்போதும் அறையைவிடச் சில்லென்றிருக்கும். எதிர்ப்பக்கத்துத் தவறு, கோடையில் காருக்குள் விட்டுவிடுவது. சூடேறினால் கரைந்த வாயு வெளிவந்து அழுத்தம் ஏறும், பிளாஸ்டிக்கும் இளகும். இரண்டும் ஒரே சமயத்தில்.

அமுக்கிப் பார்க்க அளவுகோல் வேண்டுமா? திறக்காத சோடா பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். முதல் நாள் உங்கள் பாட்டில் தொளதொளவென்றிருக்கும். நாலைந்து நாளில் அமுக்கினால் எதிர்த்துத் தள்ளும். சோடா பாட்டில் அளவுக்கு விரலுக்கு வளையாமல் இறுகியதும் வாயு உண்டாகிவிட்டதென்று பொருள். அது பீரில் நன்றாகக் கரைய இன்னொரு வாரம் கொடுங்கள். அதன் பிறகும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனால் ஏதோ சரியில்லை.

எல்லாப் பாட்டிலும் கல்லாக இறுகியிருந்தால், சர்க்கரை கூடிவிட்டது அல்லது அவசரப்பட்டு அடைத்துவிட்டீர்கள். ஒன்றிரண்டு மட்டும் அப்படியென்றால் அந்தப் பாட்டில் அழுக்கு; வேறு கிருமி புகுந்திருக்கிறது, கழுத்தில் பீர் மட்டத்தில் ஒரு வெள்ளை வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் வகையைக் காப்பாற்றிவிடலாம். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் மூடியைக் கால் திருகு தளர்த்துங்கள். உஸ் என்று வரும், நுரை ஏறும், கழுத்தைத் தொடும் முன் இறுக்குங்கள். நுரை தணிந்ததும் மறுபடி. திருகு மூடி இருப்பதால்தான் இந்த வைத்தியம் முடிகிறது. இரண்டாம் வகையைக் கொட்டிவிட்டுப் பாட்டிலையும் எறியுங்கள்.

இரண்டு வாரமாகியும் மெத்தென்றே இருந்தால் பாட்டிலைத் தண்ணீருக்குள் தலைகீழாக அமிழ்த்தி அமுக்குங்கள். மூடியோரம் குமிழி வந்தால் கசிவு. வராவிட்டால் குளிர்தான் காரணம். ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து ஈஸ்டைக் கிளப்பிவிட்டு, சூடான இடத்துக்கு மாற்றுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கும் முன்

கோலா பாட்டிலில் பீர் இருந்தால் அது கோலா மாதிரியே இருக்கும். கறுப்புப் பீரென்றால் நிறம்கூட ஒன்றுதான். பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளை ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்து ஊற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கும் இது நடக்கலாம். பழைய லேபிளை முழுக்கக் கிழித்துவிடுங்கள். சிவப்போ மஞ்சளோ, வீட்டில் வேறெதற்கும் இல்லாத நிறத்தில் மூடி போடுங்கள். வெள்ளை ஒட்டுநாடாவில் பெரிதாக ‘பீர்’ என்று எழுதி, அடைத்த தேதியும் போட்டு ஒட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் ஆங்கிலத்திலும்.

நண்பர்களுக்குக் கொடுக்கலாம், உரிமம் இல்லாமல் விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் தயாரிப்பதே குற்றம் என்பதை, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது செய்து காட்டும் ஆசை வருகிறவர்கள் நினைவில் வைக்கவும்.

ஊற்றும்போது நன்றாகக் குளிரவைத்து, அசைக்காமல் எடுத்து, ஒரே சாய்ப்பில் ஒரு கூஜாவில் இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் பாட்டிலை நிமிர்த்தி நிமிர்த்திச் சாய்த்தால் மண்டி அலைபாயும். கடைசி இரண்டு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் தாங்கும், எத்தனை முறை உதவும்

பெட் பாட்டிலின் பலவீனம் இங்கேதான். கண்ணாடி எதையும் ஊடுருவ விடாது; பெட் விடும். கரியமில வாயு மெல்ல வெளியே போகும், ஆக்சிஜன் மெல்ல உள்ளே வரும். ஆக்சிஜன் வருவதுதான் கேஸ் போவதைவிடக் கெடுதல். மெல்லிய குளிர்பானப் பாட்டிலில் மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். தடித்த பீர்ப் பாட்டிலில் ஆறு மாதம் வரை பார்க்கலாம். சிறிய பாட்டிலில் பீரின் அளவுக்குச் சுவர்ப் பரப்பு அதிகம் என்பதால் அது முதலில் கெடும். குடிப்பதையும் சிறியதிலிருந்தே தொடங்குங்கள். ஒரு வருஷம் ஊறவேண்டிய கனத்த ஸ்டௌட், பார்லி ஒயின் மாதிரியானவற்றுக்குக் கண்ணாடிதான். அந்த நிலைக்கு வரும்போது உங்களுக்கு ஹைட்ரோமீட்டரும் சர்க்கரைக் கணக்கும் கைவந்திருக்கும், கண்ணாடியைப் பற்றிய பயமும் இருக்காது.

பிளாஸ்டிக்கில் பீர் என்றால் மட்டம் என்பவர்களுக்கு: ரஷ்யாவில் பெரிய பெட் பாட்டில் பீர் பல வருஷம் கடைகளில் கொடிகட்டிப் பறந்தது. ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2017-இல் தடை வந்தது, அதுவும் ருசி கெடுகிறது என்பதற்காக அல்ல, மலிவாக ஏராளமாகக் குடிக்கிறார்கள் என்பதற்காக.

பாட்டிலை எறிய வேண்டிய நேரம் வந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: உள்ளே கீறல், சுவரில் வெள்ளை மடிப்பு, அடியில் புகைமாதிரி மங்கல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும். முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தாலும் போதும். குளிர்பானப் பாட்டில் நாலைந்து தடவை உழைத்திருந்தால் அதன் வேலை முடிந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1977 முதல் காலிப் பாட்டிலுக்குப் பணம் திருப்பித் தருகிறார்கள், இப்போது 10 சென்ட். வாங்கிக்கொண்டு புதிதாக ஒரு சோடா குடியுங்கள்.

மூடிகளைப் பாட்டிலுக்கு முன்னாலேயே மாற்ற வேண்டியிருக்கும். தனியாக வாங்கும்போது கழுத்தைக் கவனியுங்கள். குளிர்பானப் பாட்டில்களின் கழுத்து 28 மில்லிமீட்டர்தான் என்றாலும் உயரத்தில் இரண்டு வகை உண்டு: பழைய உயரமான கழுத்து, இப்போதைய குட்டைக் கழுத்து. ஒன்றின் மூடி இன்னொன்றில் திருகும், இறுகியது போலவும் தெரியும், கேஸை மட்டும் பிடிக்காது. வாங்கப் போகும்போது உங்கள் பாட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.